முப்பத்தொன்றாம் லாட்டில் தண்ணீர் நிற்குமா

அறையில் இருந்தவர்கள்: வீட்டுத் திட்ட அதிகாரி சாஜித், தோட்டத்தில் இருபது வருடம் டிராக்டர் ஓட்டிய செல்வா, செனாய் ஊரின் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சோல்டரிங் வேலை செய்யும் அவன் மனைவி வாசுகி, போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டு இன்று ஏதோ ரசீது வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. வரவேண்டியது வரைபடம் ஒன்றுதான். அது வரவில்லை.

தோட்டம் விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் அவர்கள் குடியிருக்கும் லயத்தை இடித்துவிடுவார்கள். பழைய ஆட்களுக்குக் குறைந்த விலையில் வீடு என்று சொல்லி, செல்வாவுக்கு முப்பத்தொன்றாம் லாட் மனையை ஒதுக்கியிருந்தார்கள். மதியத்துக்குள் கையெழுத்து விழவேண்டும். அதற்கு மேல் தோட்டத்தின் வேறு டிவிஷன் ஆட்களின் முறை.

தோட்டத்தில், பண்டார் தெங்காரா சாலையோரமாக ஓடை வளையும் பதினாலாம் பிளாக்கில் ஒவ்வொரு டிசம்பரும் இடுப்பளவு தண்ணீர் ஏறும். செல்வா மூன்று முறை அங்கே டிராக்டரைச் சேற்றில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். இப்போது செம்பனையை எல்லாம் சாய்த்து மண்ணை நிரவியாகிவிட்டது. எது பழைய பிளாக், எது புது லாட் என்று அவனுக்கே பிடிபடவில்லை. லாட் எண்ணும் வெள்ளம் ஏறும் இடமும் சேர்ந்த அரசாங்க வரைபடம் ஒன்று இருந்தது. அதைத்தான் வாசுகி கேட்டாள்.

"மேப் எல்லாம் இப்ப ஃப்ரீக்கா. வெப்சைட்ல இருக்கு," என்றான் சாஜித்.

"நாலு தடவ பதிஞ்சேன் தம்பி. எந்த டிபார்ட்மென்ட்னு கேக்குது. சோல்டரிங் டிபார்ட்மென்ட்னு போட்டேன். ரிஜெக்ட்."

புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள்.

"அது கவர்மென்ட் ஆளுங்களுக்கு. பப்ளிக்னா லாட் ஓனரோட லெட்டர் வேணும்."

"முப்பத்தொன்னுக்கு ஓனர் யாரு?"

"கையெழுத்து போட்டா அண்ணன்தான்."

"ஓ. தாலி கட்டினப்புறம்தான் பொண்ணு மூஞ்சியக் காட்டுவீங்க."

"ரூல் நான் போடலக்கா."

"சம்பளம் மட்டும் நீங்க வாங்குறீங்க."

வரைபடம் தன் கணினியில் இருப்பதை சாஜித் மறைக்கக்கூட இல்லை. அதுதான் வாசுகிக்கு எரிந்தது. வரிப்பணத்தில் அளந்த நிலம். தோட்டத்தை வாங்கிய கம்பெனி அதைப் பார்த்துத்தான் கடை கட்ட மேட்டை எடுத்துக்கொண்டது. குடியிருக்கப் போகிறவனுக்கு மட்டும் லெட்டர்.

"போட்டுருங்கண்ணே," என்றாள் புஷ்பவள்ளி. "நான் போட்டேன்ல."

"நீ மேப்ப பார்த்தியா?" என்று வாசுகி கேட்டாள்.

"எதுக்குப் பார்க்கணும்? வேணாம்னா வேற வீடா குடுக்கப் போறாங்க?"

செல்வா பேனாவை எடுத்தான்.

"என்னங்க, வேணாம்."

"போட்டாதானே காட்டுவாங்க. தண்ணி ஏறும்னா வாபஸ் வாங்கிக்கலாம் லா."

மூன்று இடத்தில் கையெழுத்து. சாஜித் முத்திரை குத்தினான். பிறகு சொன்னபடியே வரைபடத்தை அச்செடுத்து நீட்டினான். காசு கேட்கவில்லை.

முப்பத்தொன்று முழுக்க வெள்ளத்தைக் குறிக்கும் நீலம். முப்பத்திரண்டும் நீலம், அது புஷ்பவள்ளியுடையது. செல்வா வரைபடத்தில் ஓடை வளைவைத் தொட்டுப் பார்த்தான். "பழைய பதினாலாம் பிளாக்தான்," என்றான்.

"கேன்சல் பண்ணுங்க," என்றாள் வாசுகி.

"முத்திரை விழுந்தாச்சுக்கா. இனி கேன்சல்னா திட்டத்துலேருந்தே பேர் போயிரும்."

"குத்துறப்பவே தெரியும்ல உங்களுக்கு?"

சாஜித் மேசையைப் பார்த்தான். "நான் சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாது. குத்தலாம்."

வெள்ளிக்கிழமை. தொழுகை நேரம் ஆகிவிட்டது, மூன்று மணி வரை ஆபீஸ் இல்லை என்று காவலாளி வந்து நின்றான். செல்வா முதலில் வெளியேறினான். புஷ்பவள்ளி நீலத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுந்தாள். அவள் இப்போது சிரிக்கவில்லை.

"இதுல எல்லா லாட்டும் இருக்குல்ல?" என்று வாசுகி கேட்டாள்.

"இருக்கு. ஆனா வெளிய காட்டக்கூடாதுக்கா. ஓனருக்கு மட்டும்தான். குடுங்க, உங்க லாட்ட மட்டும் வெட்டித் தரேன்."

அவன் கை நீண்டபடியே இருந்தது. வாசுகி தாளை மடிக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மதிய முறைக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எட்டுப் பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்க லாட் நம்பர் என்ன?" என்று முதல் ஆளிடம் கேட்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினான்.