பதினான்கு அவுன்ஸ்

லவான் பிக்கெட் வாங்கிய கைத்துப்பாக்கி மே மாதம் கடையில் எடை போட்டபோது பதினான்கு அவுன்ஸ் இருந்தது. ஆகஸ்டு கடைசியில் நானூற்றிருபது பவுண்டு ஆகிவிட்டது. நிறுத்தது எங்கள் ஊர்த் தானியக் கிடங்கின் லாரி எடைமேடை. கான்சாஸ் அரசாங்கத்து ஆள் வருஷாவருஷம் வந்து சோதித்து முத்திரை வைத்துப் போகும் மேடை. ஆகவே எண்ணில் தப்பிருக்க வழியில்லை.

அவளுக்குத் துப்பாக்கி ஆசையெல்லாம் கிடையாது. செப்டம்பர் இரண்டாம் தேதி ராய்ஸ் விடுதலையாகிறான் என்று சிறை இலாகாவிலிருந்து கடிதம் வந்தது, அவ்வளவுதான். ராய்ஸ் அவளுடைய பழைய கணவன். ஏழு வருஷத்துக்கு முன் அவளது வலது கட்டைவிரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன். வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கோர்ட்டில் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனவன். கடிதத்தைப் படித்த கையோடு அவள் டெல்பர்ட் கடைக்குப் போனாள். முன்கட்டில் தூண்டில் புழு, பின்கட்டில் துப்பாக்கி விற்கும் கடை அது. டெல்பர்ட் முதலில் தட்டையான துப்பாக்கிகளை எடுத்து வைத்தான். அவற்றில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அவளது கட்டைவிரல் மறுத்தது.

"கையக் காட்டு," என்று வாங்கிப் பார்த்தான். "இது உனக்கு ஆவாதும்மா. சுழல் துப்பாக்கிய எடுத்துக்க. இழுக்கற வேலையே இல்ல, அமுக்கினாப் போதும். அஞ்சு குண்டு."

"அஞ்சு போதுமா?"

"வரப்போறவன் ஒருத்தன்தானே?"

படிவம் எழுதி, போனில் விசாரித்து, தடையில்லை என்று பதில் வருவதற்குள் காப்பிகூட ஆறவில்லை. துணியில் மாட்டாமலிருக்க டெல்பர்ட் துப்பாக்கியின் பின்பக்கம் கொம்பு போல் நீண்டிருந்த சுத்தியல் நுனியை அராவி மழித்தான். ரப்பர் பிடி பையைப் பற்றி இழுக்கும் என்று வழவழப்பான மரப்பிடி போட்டான். குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி கண்ணில் படுவதற்கு லவானே தன் ஆரஞ்சு நகப்பூச்சைத் தடவினாள். பிறகு கால்சட்டைப் பைக்கு ஒரு தோலுறை, கூடவே ஒரு விதி: அந்தப் பையில் வேறு எதையும் போடக் கூடாது, சாவியோ சில்லறையோ உதட்டு மெழுகோ. நோன்பு போல அதைக் காத்தாள். தினமும் கண்ணாடி முன் நின்று, பொய்க்குண்டு போட்டு நூறு தடவை உருவிப் பழகினாள்.

யார் மடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. சர்ச்சில் கட்டித்தழுவும்போது கையைத் தோளோடு நிறுத்திக்கொள்வோம். இடுப்புக்கு இறக்குவது கேள்வி கேட்பதற்குச் சமம். ஆகஸ்டு வெயிலில் ஒருவன் கோட்டோடு வந்தால், குளிருகிறதா என்று அன்பாக விசாரிப்போம். லவானிடமும் இந்த மரியாதையைக் காத்தோம், அவள் உட்கார்ந்த பெஞ்சு முறியும் வரைக்கும்.

கிடங்கில் எடை போடுவது அவள் வேலை. காலையில் முதல் காரியமாகத் தன் பிக்கப் வண்டியை மேடையில் ஏற்றி, உள்ளே உட்கார்ந்தபடியே வெளிப்பலகையின் சிவப்பு எண்ணைப் பார்ப்பாள். நாலாயிரத்து இருநூற்று அறுபது காட்டினால் மேடை சரி. அது இருபது இருபதாகத்தான் எண்ணும். ஜூனில் முதல் திங்கட்கிழமை இருபது கூடியது. மறுவாரம் அறுபது. அரசாங்கத்து ஆளை வரவழைத்தார்கள்; மேடை சுத்தம் என்றான். டெல்பர்ட் துப்பாக்கியை வாங்கி, கடைத் தராசில் வைத்தான். அதே பதினான்கு. என் கையில் ஏறவில்லை, உன்னிடம் இருக்கும்போதுதான் ஏறுகிறது என்று சொல்லி, இன்னும் அகலமான இடுப்புவார் ஒன்றை விற்றான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வழியில் பயமிருந்ததால் மடியில் கனம் ஏறியது.

ஜூலையில் தார் இளகியதும் அவள் காலடிகள் சாலையில் பதியத் தொடங்கின. கிடங்கிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து அவள் யாருக்கும் சொல்லாமல் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு, அரை விரல் ஆழத்தில். மறைத்துக்கொள்ள வாங்கிய பொருள் அவள் விலாசத்தைத் தெருவில் எழுதிவைத்துவிட்டது. வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று கெஞ்சினோம்.

"வெச்சுட்டு வர்ற அன்னிக்குத்தான் அவன் வருவான்," என்றாள்.

ஊராட்சி தார் ஊற்றி மூடியது. மறுநாள் மறுபடி பதிந்தது. அவள் சோறு தண்ணி மறந்து மெலிந்தாள். பலகையில் எண் மட்டும் ஏறியது.

செப்டம்பர் இரண்டு சும்மா கடந்தது. பத்தொன்பதாம் தேதி சோள அறுவடை மும்முரத்தில் பதினொரு லாரிகள் வரிசையில் நிற்க, ராய்ஸ் குறுக்கே புகுந்து தன் வண்டியை மேடையில் ஏற்றி, அவள் இருந்த எடை அறை ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். பலகை ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது காட்டியது.

"உன் காலடியப் பாத்துக்கிட்டே வந்தேன், லவ்வி," என்றான். "வீட்டையும் பாத்துட்டேன். கதவு புதுசு போலருக்கு."

அவள் கை பைக்குள் போனது. துப்பாக்கி அசையவில்லை. நூறு தடவை பழகிய கை இழுக்க இழுக்க, காலடியில் தரைப்பலகைதான் விரிசல் விட்டது. செத்தோம் என்று நினைத்தாள். ஆனால் வாய் தன் பதினெட்டு வருஷத்து வேலையைத் தானாகவே செய்தது. எல்லா டிரைவர்களிடமும் சொல்வதை ஒலிபெருக்கியில் சொன்னாள்: "வண்டிய விட்டு எறங்கி மேடையத் தாண்டி நில்லுங்க."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி மேடையைத் தாண்டி ஜன்னலுக்கு வந்தான். பலகை ஐயாயிரத்து முந்நூற்று நாற்பதிலேயே நின்றது.

லவான் பலகையைப் பார்த்தாள். பதினொரு டிரைவர்களும் பார்த்தார்கள். யாரும் தன்னைப் பார்க்கவில்லையே என்று ராய்ஸும் திரும்பிப் பார்த்தான். ஏறி நின்றான்; அதே எண். இறங்கினான், அதே எண். மேடை நடுவில் போய்க் குதித்தும் பார்த்தான். ஆறடி ஆள், இருபது பவுண்டுகூடத் தேறவில்லை. லவானின் கையில் துப்பாக்கி பாதி வெளியே வந்திருந்தது, லேசாக. அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

"எடை ஒண்ணும் காட்டலையே, ராய்ஸ்," என்றாள் ஒலிபெருக்கியில். "அடுத்த வண்டி."

அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான். நெப்ராஸ்கா பக்கம் இருப்பதாகக் கேள்வி. அங்கே காற்று பலம்.

மறுநாள் காலை அவள் வண்டி நாலாயிரத்து இருநூற்று எண்பது காட்டியது. பழையதைவிட இருபது அதிகம். மூன்று தடவை ஏற்றிப் பார்த்தாள். அந்த இருபது அதற்குப் பிறகு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அரசாங்கத்து ஆளும் வந்து பார்த்து, சரி, இருக்கட்டும் என்றான். இப்போது அதை வண்டியின் எடையோடு சேர்த்தே எழுதுகிறோம்.