யார் முதலில் பாடுவது

ஐந்து வருடங்களாக ஆர்வியை யாரும் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்கமுடியவில்லை.

திட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவன் வேலை செய்யும் மரம் அறுக்கும் மில்லில் ஒரு பலகை கோணலாகப் போனால் மேஸ்திரி அங்கேயே கத்துவார். மத்தியானம் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து கறுப்பு ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பார். கருவோயா ஊர்ப் பாட்டுக்குழுவில் அந்த நல்ல வழக்கம் இல்லை.

நடந்தது இதுதான். தலைநகர் தாலினில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாட்டுத் திருவிழாவில் பாட வேண்டுமானால் அதற்கு முன்னால் நடுவர்களிடம் பாடிக் காட்டித் தேற வேண்டும். போன தடவைத் தேர்வில், மற்ற முப்பத்தொரு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆர்வி மட்டும் ஒரு தட்டு முன்னதாக "ஓ" என்று இறங்கிவிட்டான். கொட்டிலில் மறந்துவிட்டு வந்த மாடு கத்துவதுபோல் இருந்தது அந்தச் சத்தம். குழு தேறவில்லை.

முப்பதாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, கருவோயாக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். ஆர்வியின் மனைவி மால்லே நடுக்குரல் வரிசையில் பாடுகிறவள். அவள் விழாவுக்கென்று வைத்திருந்த கோடுபோட்ட பாவாடை கட்டி, மார்பில் பெரிய வெள்ளி வில்லையைக் குத்திக்கொண்டு டிவிக்கு எதிரில் எழுந்து நின்றாள். ஏழு மணி நேரம் டிவியோடு சேர்ந்து பாடினாள். ஆர்வியின் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. சாயங்காலம் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

அதனால் இந்தத் தடவை ஆர்வி ஒரு முடிவோடு இருந்தான். உயிரே போனாலும் முந்தக் கூடாது. மற்றவர்கள் பாடத் தொடங்கி, அது காதில் விழுந்து, சரிதான் என்று உறுதியான பிறகே வாயைத் திறப்பது.

இந்த வருடம் ஒரு பழைய பாட்டும், உயிரோடிருக்கும் ஒருவர் எழுதிய புதுப் பாட்டும் பாட வேண்டும் என்று கடிதம் வந்தது. குழுவை நடத்தும் சிர்யே பகலில் மருந்துக்கடைக்காரி. எதையும் அளந்து கொடுப்பவள். அவள் கொண்டுவந்த புதுப் பாட்டின் முதல் பக்கத்தில் சுரமே இல்லை. தண்ணீர்த்துளிகள் வரைந்திருந்தன.

"இது பாட்டா, வானிலை அறிக்கையா?" என்றான் உர்மாஸ். டிராக்டர் மெக்கானிக். கீழ்க்குரல் வரிசையில் ஆர்விக்கு இடதுபக்கம் நிற்பவன்.

"இத எழுதின பையன் மூணு நாள் சதுப்புக் காட்டுல உக்காந்து கேட்டு எழுதியிருக்கான்" என்றாள் சிர்யே.

"மூணு நாளா? அட்டை கடிச்சிருக்கும். அந்த வலியில எழுதினதா இருக்கும்."

"கீழ்க்குரல்காரங்க நாக்க மேலண்ணத்துல ஒட்டி, சொட்டு சொட்டுனு விடணும். நடுக்குரல்காரங்க கூழாங்கல்லை உரசணும். மேல்குரல்காரங்க காட்டுப் பழங்களோட பேரை ரகசியம் மாதிரி சொல்லணும்."

"இதுக்கு முப்பத்திரண்டு பேர் எதுக்கு? ஒழுகுற குழாய் ஒண்ணு போதுமே."

"உங்க குழாயும் ஒழுங்கா ஒழுகணும்ல உர்மாஸ். நாக்க ஒட்டுங்க."

ஆர்வி வேலையிலேயே பழகினான். ரம்பம் ஓடும்போது யாருக்கும் கேட்காது. காபி நேரத்தில் ரம்பம் நின்றது தெரியாமல் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டுவிட்டான். மேஸ்திரி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். மறுநாள் குழாய்க்காரர் வந்து கழிவறைச் சுவரை உடைத்தார். ஒன்றும் அகப்படாமல் இன்னொரு சுவரையும் உடைத்தார். ஆர்வி ஒப்புக்கொள்ளவில்லை.

சொட்டுகளோடு நின்றிருந்தால் நல்லது. நாலாம் பக்கத்தில்தான் ஆபத்து இருந்தது. சிர்யே அதை வாசித்தாள்.

"நடத்துபவர் கையை இறக்கிவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும். சதுப்பு நிலம் உறங்குகிறது. யாருக்கு முதலில் மனம் வருகிறதோ அவர் பாடத் தொடங்கட்டும். எந்தச் சுரமானாலும் சரி. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேரட்டும்."

அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்த ஊரில் விருந்து மேசையில் கேக்கை முதலில் வெட்டுகிறவரும் கிடையாது, கடைசித் துண்டை எடுக்கிறவரும் கிடையாது. நடுவில் இருப்பது எப்படிக் காலியாகிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களிடம் போய், முதலில் பாடு என்றால்?

சிர்யே கையை இறக்கித் திரும்பி நின்றாள். ஒன்பது நிமிடம் போயிற்று. சத்தமே இல்லாததால் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக் காவலாளி வெளியிலிருந்து கதவைப் பூட்டினார். சாவி திரும்பும் ஓசை முப்பத்திரண்டு பேருக்கும் கேட்டது. "ஐயா, இருக்கோம்" என்று முதலில் கூப்பிட ஒருவரும் இல்லை. ஜன்னல் வழியாக வரிசையாக இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் சிர்யே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேல்குரல் வரிசையில் எவெலின் இருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்கு நாள் முழுக்கப் பாட்டை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துக் கூச்சம் விட்டுப்போனவள். அவள் மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுத் தொடங்குவது என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு பாட்டு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

தேர்வு நாள் காலையில், மாவட்ட நகரத்து மண்டப வாசலில், சிர்யேயின் போன் அடித்தது. எவெலினுக்குக் காய்ச்சல். பாலர் பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டது.

"மேல்குரல்காரங்களே, அந்த நாலாம் பக்கத்த யாராவது பாத்துக்கங்க" என்றாள் சிர்யே. ஒன்பது பெண்களும் தலையாட்டினார்கள். அங்கே தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம். நான் செய்கிறேன் என்று அர்த்தமில்லை. அவசரத்தில் சிர்யே அதை மறந்துவிட்டாள்.

உள்ளே மூன்று நடுவர்கள். நடுவில் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய அம்மாள். இரண்டு பக்கமும் ஒரு வழுக்கைத்தலைக்காரரும் ஒரு தாடிக்காரரும். ஒரு குழுவுக்கு இருபது நிமிடம். அதற்குள் இரண்டு பாட்டும் முடியாவிட்டால் தேர்ச்சி கிடையாது. சுவரில் பெரிய கடிகாரம்.

பழைய பாட்டு நாலு நிமிடத்தில் நன்றாகவே முடிந்தது. புதுப் பாட்டில் சொட்டுகள் சொட்டின, கல் உரசியது. வழுக்கைத்தலைக்காரர் ஒருமுறை கூரையைக்கூடப் பார்த்தார். பிறகு நாலாம் பக்கம் வந்தது. சிர்யே கையை இறக்கித் திரும்பி நின்றாள்.

ஆர்வி இருபது எண்ணினான். நாற்பது எண்ணினான். நூறு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

மூன்று நிமிடம். மேல்குரல் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். சிர்யேயின் முதுகு மட்டும் தெரிந்தது. அது வியர்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம். நடுவர்கள் நிறுத்தலாம்தான். ஆனால் அவர்களும் அந்த நாட்டுக்காரர்கள். யார் முதலில் வாயைத் திறப்பது? தாடிக்காரர் பேனாவைத் தூக்கினார், அம்மாளைப் பார்த்தார், திரும்ப மெல்ல வைத்தார். எட்டு நிமிடம். அடுத்த குழுவில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான சாவு வீட்டுக்குள் நுழைந்தவர்போல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாங்கினார்.

ஆர்வி கடிகாரத்தைப் பார்த்தான். பாட்டின் மிச்சப் பகுதிக்கு இரண்டு நிமிடம் வேண்டும். இருப்பது மூன்று.

அவன் தொடங்கினால் ஆர்வி மறுபடி முந்திவிட்டான் என்று ஆகும். தொடங்காவிட்டால் மால்லே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை டிவிக்கு எதிரில் ஏழு மணி நேரம் நிற்பாள். உர்மாஸ் உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தான்.

"டேய், மாடு. கத்துடா."

ஆர்வி கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். அது எந்தச் சுரம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒவ்வொருவராகச் சேர வேண்டிய இடம் அது. ஆனால் பதினோரு நிமிடம் அடக்கிவைத்திருந்த முப்பது வாய்களும் ஒரே நொடியில் திறந்துகொண்டன. அணைமதகு உடைந்தாற்போல் வந்தது சத்தம். அம்மாளின் காபி சால்வையில் கொட்டியது. நடுக்குரல்காரி ஒருத்தி அழுதுகொண்டே பாடினாள். சிர்யே பாய்ந்து திரும்பி, கிடைத்த இடத்தில் கையை வீசி, எப்படியோ எல்லோரையும் கடைசிச் சொட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பத்து விநாடி மிச்சம்.

நடுவர்கள் வெகுநேரம் குசுகுசுத்தார்கள். பிறகு அம்மாள் எழுந்தாள்.

"தேர்ச்சி பெற்றீர்கள். அந்த அமைதியை இவ்வளவு துணிச்சலாக யாரும் செய்து நாங்கள் பார்த்ததில்லை." காகிதத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். "ஒரே ஒரு குறை. அது இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். ஆண்குரல் ஒன்று சற்று அவசரப்பட்டுவிட்டது."

வாசலில் யாரும் ஆர்வியைக் கட்டிப்பிடிக்கவில்லை. உர்மாஸ் மட்டும் கடந்துபோகும்போது அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அந்த ஊருக்கு அது அதிகம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆர்வி காரை ஓட்டினான். இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள், உருகாத பனி. பாதித் தூரத்தில் மால்லே கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன தடவை நீ மட்டும் முந்தல. நானுந்தான்."

ஆர்வி பிரேக்கை மிதித்தான். கார் ஓரத்துப் பனியில் மூக்கைக் குத்தி நின்றது.

"என்ன சொல்ற?"

"நீ 'ஓ'ன்னப்பவே நானும் 'ஓ'ன்னேன். உனக்குப் பெரிய தொண்டை. என்னோடது அடியில மாட்டிக்கிச்சு. யாருக்கும் கேக்கல."

"அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷமா நான் மில்லுல, சாப்பாட்டுல, தூக்கத்துல... சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடி?"

"நீ கேக்கவே இல்லையே."

"எதக் கேக்கறது? 'நீயும் முந்தினியா'ன்னு ஒருத்தன் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேப்பானா?"

"ஏன், கேட்டா வாய் வலிக்குமா? நீயும்தான் என்கிட்ட ஒண்ணும் பேசல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்த. நான் முந்தினது உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் கோவமா இருக்கன்னு நெனச்சேன்!"

"நானா கோவமா இருந்தேன்? நீதான்டி ஏழு மணி நேரம் டிவிகிட்ட நின்ன!"

"உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு, அதான் நின்னேன்! காலு வீங்கிப்போச்சு தெரியுமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கார்க் கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு வெளுத்துப்போயின. அந்த வழியாக வந்த தபால் வண்டி, விபத்தோ என்று வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்ததும் முகம் சிவந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார்.