கீழ்வீட்டு சீலிங்

பாத்டப்பைப் பெயர்த்துத் தூக்கியதும் அடியில் சிமெண்டு கறுத்து ஊறிக் கிடந்தது. கொத்தனார் காஷிஃப் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, ஜாயிண்டு புட்டுக்கினு கீது. வருசக்கணக்கா ஒழுகிக்கினு இருந்திருக்கும். கீழ்வீட்டுல யாரும் சொல்லலியா?"

"இல்லியே தம்பி" என்றாள் சரோஜாதேவி.

பச்சைப் பொய். கீழ்வீட்டு ஜமீலுன்னிசா சொன்னது மட்டுமா, கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பாத்ரூம் சீலிங்கையே காட்டினாள். "எங்க டப்பு ஒழுகாது, உன் வீட்டுச் சுவத்தைப் பாரு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவள் சரோஜாதேவிதான். அது ஆயிற்று நாலு வருஷம். அதன்பின் லிஃப்டில் இருவரும் எதிர்ப்பட்டால் மாடி நம்பர் மாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த டப்பில் யாராவது குளித்திருந்தாலும் பரவாயில்லை. கணவர் சண்முகவேல் ஆசையாக வாங்கிப் போட்டு, ஒரு வாரம் காலை நீட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் பக்கெட்டுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் அது தண்ணீர்த் தொட்டிதான். அடையாறே காய்ந்து கிடந்த அந்தக் கோடையில் லாரித் தண்ணீரை அதில்தான் பிடித்து வைத்தார்கள். காலையும் மாலையும் கீழ்வீட்டு ஜமீலா இரண்டு குடத்தோடு வருவாள். குடம் நிரம்ப ஐந்து நிமிஷம், பேச்சு முடிய ஒரு மணி நேரம். சண்முகவேல் போய்ச் சேர்ந்த பிறகு பத்து நாள் ஹாலில் வந்து படுத்துக்கொண்டவளும் அவள்தான். அப்படிப்பட்டவளை ஒரு டப்புக்காக விட்டாளே, பாவி!

மகன் ராம்குமாருக்கு இதெல்லாம் தெரியாது. "டப் விளிம்பைத் தாண்டுறப்ப விழுந்து வச்சா யாரும்மா பாப்பாங்க?" என்று கனடாவிலிருந்து கேட்டான். அதனால்தான் தடுப்பில்லாமல் அப்படியே நடந்து உள்ளே போகிற ஷவர், பிடித்துக்கொள்ளக் கம்பி, இந்த இடிப்பு எல்லாம்.

மூன்றாம் நாள் காஷிஃப் புதுத் தரையில் தண்ணீர் கசியாமலிருக்கக் கெமிக்கல் பூசிக் காயவிட்டான். மறுநாள் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டினான். "நாளைக்குக் கீழ போயி சீலிங்க பாத்துட்டு போன் பண்ணும்மா. ஒழுகலன்னாத்தான் டைல்ஸ் போடுவேன்."

"நீயே பாத்துடேன் தம்பி."

"எனக்கு நாளைக்கு மைலாப்பூர்ல வேல கீதும்மா."

மறுநாள் கீழே இறங்கி பெல் அடித்தாள். ஜமீலா கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, விலகி வழிவிட்டாள். சீலிங் காய்ந்திருந்தது. வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் பழைய மஞ்சள் கறை மட்டும் தெரிந்தது.

"எங்க டப்புதான் ஜமீலா. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"மூணு தடவ பெயிண்ட் அடிச்சேன்" என்றாள் ஜமீலா, சீலிங்கைப் பார்த்தபடி. "இப்ப ஒழுகலல்ல?"

"ஒழுகல."

"அப்ப சரி."

கதவு சாத்திக்கொண்டது. மேலே வந்த சரோஜாதேவி தேங்கி நின்ற தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காஷிஃபுக்குப் போன் போட்டாள். "இன்னும் ஒரு நாள் தண்ணி நிக்கட்டும் தம்பி. எனக்கு சந்தேகமா இருக்கு."

அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி பெல் அடித்தாள்.

"நேத்தே பாத்தாச்சே?" என்றாள் ஜமீலா.

"இன்னிக்கும் பாக்கணும்."

ஜமீலா அவள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கறைக்கு நேர் கீழே போட்டாள்.

"உக்காருக்கா. சொட்டுதான்னு பாப்போம்."

அவள் உட்கார்ந்தாள். ஜமீலா கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டு பேரும் காய்ந்த சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.