ஜீப்புக்குக் கண் சரியில்லை

கண்ணாடிக்காரர் தன் ஜீப்பை ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாகத் தன் வீட்டு கேட் தூணிலேயே கொண்டுபோய் இடித்தபோது, குற்றவாளி யார் என்பதில் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஹெட்லைட்தான். கீழே இறங்கி, முன்னால் வந்து குனிந்து, வண்டியின் இரண்டு வட்ட விளக்குகளையும் மாறி மாறி முறைத்தார்.

“இதெல்லாம் ஒரு வெளிச்சமா? மெழுகுவத்தி ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு. இதை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படித் தூணைப் பார்க்கிறது?”

“மணி அஞ்சரைதான் ஆகுது. வெயில் இன்னும் மூஞ்சியில அடிக்குது” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

அது அவர் காதில் விழுந்தது. ஆனால் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஜீப்புக்கு வயது முப்பத்தொன்று. கல்யாணத்துக்கு ஏழு வருஷம் முன்பே வாங்கியது. அதனால் மனைவி அதை ‘மூத்தாள்’ என்றுதான் சொல்வாள். “மூத்தாளுக்குக் குளிப்பாட்டியாச்சா? இளையவளுக்கு எப்ப காய்கறி வாங்கித் தர்றதா உத்தேசம்?” என்று கேட்பாள். வாரத்தில் ஐந்து நாள் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடும் மனுஷர், மீதி இரண்டு நாளும் பிரேம் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கல்குவாரிக்கும் மலைத் தோட்டங்களுக்கும் கரடுமுரடான மண் பாதையில் போய், அங்கே இருக்கிறவர்களின் கண்ணைச் சோதிப்பார். வேறு எந்த வண்டியும் ஏறாத மேட்டில் அது ஏறும். ஏறி முடித்ததும் இவர் இறங்கி, பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல அதன் பானட்டைத் தட்டிக் கொடுப்பார். ஜீப் சாவி சட்டைப்பையில் இல்லாவிட்டால் அவருக்குச் சட்டையே போடாத மாதிரி இருக்கும்.

அந்தச் சாவிக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை. எதுலயாவது மோதினீங்க, சாவி என் கைக்கு வந்துடணும்” என்றாள் மனைவி.

“லைட்டை மாத்திட்டா எதுக்கு மோதப் போறேன்?”

“லைட்டை மாத்துங்க. பார்க்கலாம்.”

அவள் சொன்னதில் ஓர் அர்த்தம் இருந்தது. கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கும் மெஷினில் உட்காருகிறவள் அவள்தான். இவர் சோதித்து எழுதித் தரும் சீட்டைப் பார்த்து அவள் அரைப்பாள். ஒரு வருஷமாக அந்தச் சீட்டுகளில் மூன்று எது, எட்டு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதியவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டையும் அவள் சத்தமில்லாமல் இன்னொரு தடவை சரிபார்த்து வந்தாள். நேராக ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். “எனக்கா? கண்ணா? நான் யாரு தெரியுமில்ல?” என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். இருபத்தேழு வருஷமாக ஊர்க்கண்ணைப் பார்த்தவருக்குத் தன் கண்ணைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

ஹெட்லைட் வேலைக்கு மச்சினன் வந்தான். வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது அவன் தொழில். டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, டெஸ்டரை வாயில் கவ்வியபடி பேசினான்.

“மாமா, பல்பு மேல தப்பில்ல. கரண்டு பேட்டரியிலேருந்து சுவிட்சுக்கு வந்து, அங்கேருந்து லைட்டுக்குப் போறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது. வயரெல்லாம் நூலாப் போச்சு. ரிலே போட்டு, பேட்டரியிலேருந்து நேரா தடி வயரு இழுத்துடறேன்.”

“கேட்டியா? வயரு!” என்று கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்து வெற்றிப் புன்னகை பூத்தார். அவர் பார்த்த திசையில் மனைவி இல்லை, துணி காயும் கொடிதான் இருந்தது.

புது வயர் வந்தது. விளக்குகள் இரண்டு மடங்கு எரிந்தன. அன்று மாலையே ஒரு சுற்றுப் போனார். தெருமுனையில் ஒரு குண்டு ஆள் நடுவில் நின்றுகொண்டு வழிவிட மாட்டேன் என்றார். இவர் மரியாதையாக ஹாரன் அடித்தார். பிறகு மரியாதை இல்லாமல் அடித்தார். கடைசியில் இறங்கிப் போய், “ஏங்க, காது கேட்காதா?” என்று தோளில் தட்டியபோதுதான் அது குப்பைத் தொட்டி என்று தெரிந்தது.

“ரிலே பத்தல” என்று மச்சினனிடம் சொன்னார்.

மச்சினன் நூறு வாட் ஹாலஜன் பல்பு போட்டான். அடுத்த நாள், துணிக்கடை வாசலில் நின்ற பழைய நண்பர் ஒருவருக்கு ஜீப்பிலிருந்தபடியே கையசைத்தார். நண்பர் அசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, “மனுஷங்க எப்படி மாறிட்டாங்க பாரு” என்று அரை மணி நேரம் நொந்துகொண்டார். அந்த வாசலில் நின்றது கோட்டு சூட்டு போட்ட பொம்மை என்று மனைவி சொன்னபோது, அந்தப் பொம்மையும் கொஞ்சம் மாறித்தான் போயிருக்கிறது என்று முணுமுணுத்தார். இந்தச் சப்பைக்கட்டுக்கு மேல் மனுஷர் வேறு என்னதான் செய்வார்?

மூன்றாவதாக எல்இடி வந்தது. பழைய விளக்கு இருந்த பொந்தில் அது முழுசாக உட்காரவில்லை. பின்பக்கம் ஆழம் அதிகம். மச்சினன் உள்தகட்டை வெட்டி, ரப்பர் வைத்து, திட்டிக்கொண்டே திணித்தான். சுவிட்சைப் போட்டதும் தெருவே பட்டப்பகலானது. எதிர் வீட்டுச் சேவல் சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கூவியது. அந்த வீட்டு மாடியில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், முகத்தைப் பேப்பரால் மூடிக்கொண்டு எழுந்து, சுவரில் முட்டிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் கண்ணாடிக் கடைக்கு வந்த முதல் ஆளே அவர்தான். கூலிங் கிளாஸ் கேட்டார். அந்த வாரம் தெருக்காரர்களுக்கு மட்டும் பதினோரு கூலிங் கிளாஸ் விற்றது. சாயங்காலமானால் ஆளாளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி நடந்தார்கள்.

இத்தனைக்கும் கண்ணாடிக்காரருக்கு மட்டும் முன்பைவிட மோசமாக இருந்தது. எதிலும் ஓரமே இல்லை. வெளிச்சம் பாலைக் கொட்டின மாதிரி கண்ணுக்குள் பரவி, பாதை, மரம், ஆள் எல்லாம் அதில் ஊறிக் கிடந்தன. வலது கண்ணை மூடினால் கொஞ்சம் தேவலை. இப்படி வந்து சொன்ன எத்தனையோ பேரிடம், “கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அவரே அனுப்பியிருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் உடனே ரேடியோவைப் போட்டுவிடுவார்.

“மாமா, வெளிச்சம் மேல ஏறி அடிக்குது” என்றான் மச்சினன். “எதிர்ல வர்றவன் குருடாயிடுவான். சுவத்துல அடிச்சுப் பார்த்து இறக்கி வைக்கணும்.”

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தி, இருபத்தைந்தடி தள்ளியிருந்த மதில் சுவரை நோக்கி விளக்கைப் போட்டார்கள். மச்சினன் திருப்புளியோடு உட்கார்ந்து, விளக்குக்கு மேலே ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ என்று திருகித் திருகி இரண்டு வட்டங்களையும் கீழே இறக்கினான். வேலை கச்சிதம். கண்ணாடிக்காரர் பம்பர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய வெள்ளைக் கலங்கல் ஒன்றுதான். “சூப்பர்” என்றார்.

அப்போது மனைவி கையில் ஒரு சுருளோடு மதில் பக்கம் போனாள்.

“கடையிலேருந்து எழுத்துச் சார்ட்டை எடுத்துட்டு வந்திருக்கேன். உங்க புது லைட்டுல படிச்சுக் காட்டிடுங்க. முழுசாப் படிச்சுட்டா ஆயுசுக்கும் சாவி உங்ககிட்டதான். தப்பாப் போச்சுன்னா என்கிட்ட.”

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரிடம் வந்து எதைக் கேட்கிறாள்! மீன்குஞ்சை நீந்தச் சொல்கிற மாதிரி. அவள் எதையோ ஆணியில் மாட்டினாள். வெள்ளையாகத் தொங்கியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினார்.

“முதல் வரி, ட. ரெண்டாவது, ப, ர. மூணாவது, ம, ய, ல. நாலாவது, ச, ட, க, ப…”

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிவாக வந்து நின்றன. சத்தியமாக அவருக்குத் தெரிந்தன. உற்சாகம் தலைக்கேறி, ஏழாவது வரியையும் முடித்துவிட்டு, “எல்லாத்துக்கும் அடியில பொடியா ஒண்ணு போட்டிருக்கு, அதையும் படிக்கட்டா? ‘மடக்காமல் சுருட்டி வைக்கவும்.’ போதுமா?” என்று கையைத் தட்டினார்.

மச்சினனின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

“பக்கத்துல வந்து பாருங்க” என்றாள் மனைவி.

போனார். மூக்கு உரசும் தூரம் வரை போனார். தொட்டுப் பார்த்தார். தலையணை உறை. சலவைக்குப் போய் வந்த வெறும் வெள்ளைத் தலையணை உறை. சார்ட் சுருள் அவள் கக்கத்தில் பிரிக்காமலேயே இருந்தது.

“இதுல எங்கங்க ‘மடக்காமல் சுருட்டி வைக்கவும்’ போட்டிருக்கு?” என்று கேட்டவள், கோபப்பட நினைத்தும் முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மச்சினன் ஏற்கெனவே ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் விடவில்லை. “இது மோசடி. ஏமாத்தி வாங்கின சாவி செல்லாது. சார்ட்டுன்னு சொன்னே, சார்ட்டு காட்டணும்!”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. செல்லாது. அதுவரைக்கும் சாவி என் தம்பிகிட்ட இருக்கட்டும். திங்கக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க. அங்க மாட்டியிருக்கிற நிஜச் சார்ட்டைப் படிங்க. தேறிட்டீங்கன்னா அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். சத்தியம்.”

திங்கட்கிழமை மச்சினன்தான் ஜீப்பை ஓட்டினான். கண்ணாடிக்காரர் பக்கத்து சீட்டில், வேற்று வீட்டுக்கு வந்தவரைப்போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷன் கத்தியை நினைத்துப் பயம். அதைவிட, இனி அந்த மண் மேட்டில் ஏற முடியாமலே போய்விடுமோ என்று பயம். ஆஸ்பத்திரி வராண்டாவில் மனைவியிடம் மெதுவாக, “திரும்பிப் போயிடலாமா? பயமா இருக்கு” என்றார்.

“எனக்குந்தான். ஒரு வருஷமா இருக்கு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க அந்த வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா, திரும்பி வந்து கேட் தூணுல இடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.”

அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான அறை. அதன் ஒரு கோடியில் நாற்காலி. சோதிக்கும் பெண்ணுக்கு மிஞ்சினால் இருபத்திரண்டு வயது இருக்கும். இடது கண்ணை மறைத்து ஒரு மூடியை வைத்தாள். எதிர்ச் சுவரில் ஒரு சின்ன விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் மங்கலாக ஒரு சதுரம் தெரிந்தது. அதன் உச்சியில் ஒற்றைக் கறுப்புப் பொட்டு. அதற்குக் கீழே இரண்டு. அதற்குக் கீழே மூன்று.

கண்ணாடிக்காரரின் இதயம் துள்ளியது. அதே சார்ட்! அதே அச்சு, அதே வரிசை. ஆண்டவன் இருக்கிறான். ஏழு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டால், சாவி சட்டைப்பைக்கு வந்துவிடும். வராண்டாவில் உட்கார்ந்திருப்பவள் சத்தியம் செய்தவள், மீற மாட்டாள். வாயே திறக்க மாட்டாள். வண்டி திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வாசலில் நிற்பாள்.

“மேலேருந்து படிங்க சார்.”

“ட” என்றார். “ப, ர.”

“கரெக்ட். அடுத்தது?”

கண்ணாடிக்காரர் வராண்டா இருந்த பக்கம் திரும்பினார். மூன்றாவது வரி நாக்கு நுனியில் வந்து நின்றது.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றார். “இந்தச் சார்ட்டு எனக்கு மனப்பாடம். இதைக் கழட்டிட்டு, உன் கையால வேற ஏதாவது எழுதி மாட்டு.”

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் பட்டை மார்க்கரால் பெரிது பெரிதாக எதையோ எழுதி, சுவரில் மாட்டிவிட்டு, தள்ளி நின்றாள்.

கண்ணாடிக்காரர் முன்னால் சாய்ந்து பார்த்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் தன்னிடம் சொல்லக் கேட்டதை, அன்றுதான் முதன்முதலாகத் தன் வாயால் சொன்னார்.

“தெரியலம்மா.”