ஆவி சார் உருகிய கதை

பள்ளியில் வேதியியல் ஆசிரியருக்கு ‘ஆவி சார்’ என்று பட்டப்பெயர். வருஷா வருஷம் அயோடினைச் சூடாக்கி, அது உருகாமலே ஊதாப் புகையாக எழும்புவதைக் காட்டி, “பார்த்தீங்களா, பதங்கமாதல்!” என்று, தானே முதல் தடவை பார்ப்பதுபோல் பூரித்துப்போவார்.

தலைமையாசிரியர் ஓய்வுபெற்றபோது, அந்த நாற்காலி ஆவி சாருக்குத்தான் என்று காவலாளி வரைக்கும் முடிவுகட்டியிருந்தார்கள். உட்கார்ந்தது அவருடைய சகலை. அதே பள்ளியில் கணக்கு வாத்தியார், எட்டு வயது இளையவர். “நல்லது, நல்லது” என்று கைகுலுக்கிவிட்டு ஆவி சார் வீடு வந்து சேர்ந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி சுட ஆரம்பித்தார்.

உப்பைக் கால் கிராம் பிசகாமல் எடை போட்டார். அடுப்புக்குள் வெப்பமானி வைத்தார். மாவு பிசையும்போது மட்டும் ஆளே வேறு. தூக்கி மேடையில் அறைவார், முஷ்டியால் குத்துவார், கழுத்தைத் திருகுவதுபோல் முறுக்குவார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, “சார், வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் இருபத்தேழு ரொட்டி. மனைவி தெருவுக்கே விநியோகித்தாள்.

மகள் கல்லூரியில் உளவியல் முதலாமாண்டு. புதிதாகப் படிப்பவர்களுக்கு முதல் நோயாளி வீட்டில்தானே கிடைப்பார்?

“அப்பா, நீங்க செய்யறதுக்குப் பேரு சப்ளிமேஷன்.”

“ஏய், அது என் பாடம். திடப்பொருள் உருகாம நேரா ஆவியாகும். பீரோவுல வெச்ச அந்துருண்டை மாதிரி.”

“எங்க பாடத்துலயும் இருக்குப்பா. வெளியில காட்ட முடியாத கோபத்தை, நாலு பேர் மெச்சுற வேலையா மாத்திக்கறது. சிலர் படம் வரைவாங்க. நீங்க சித்தப்பாவை நெனச்சு மாவைக் குத்தறீங்க.”

“எனக்கென்ன கோபம்? குத்தினாத்தான் மெத்துனு வரும்.”

“நேத்து அதுக்கு ரெண்டு கண்ணும் மீசையும் வேற வெச்சீங்களே?”

“அது... ஆவி போறதுக்கு.”

“சும்மா இருடி,” என்றாள் மனைவி. “நீ பாட்டுக்கு வைத்தியம் பண்ணி நிறுத்திடாத. கடையில இப்படி ரொட்டி கிடைக்காது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். பதவியேற்றபின் வீட்டுப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. ரெண்டு துண்டு தின்றுவிட்டு, “அண்ணே, பிரமாதம்! எப்படி இவ்வளவு மெத்துனு?” என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். “நல்லா அடிச்சுப் பிசையணும்,” என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மூன்றாவது துண்டை எடுத்த சகலை அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். “அண்ணே, பதவி தானா என்னைத் தேடி வந்ததுன்னு நெனச்சிருப்பீங்க. நான்தான் விண்ணப்பம் போட்டேன். உங்ககிட்ட சொல்லாமப் போட்டேன். அதான் மூணு வாரமா உங்க முகத்துல முழிக்க முடியல.”

“நல்லது...” என்று ஆவி சார் வழக்கம்போல் ஆரம்பித்தார். அடுத்த ‘நல்லது’ வரவில்லை.

“பரவாயில்லைன்னு சொல்லமாட்டேன்பா. வலிச்சுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?”

குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசையில் தேங்கியது. சகலையும் மூக்கை உறிஞ்சினார்.

“அப்பா உருகிட்டாரும்மா,” என்று சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள் மகள். அம்மா அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள். ஆனால் அம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் வாய்விட்டுச் சண்டை போட்டார்கள். ஆய்வகத்தில் புகை வெளியேற்றும் விசிறி ரெண்டு வருஷமாக ஓடவில்லை என்று ஆவி சார் மேஜையைத் தட்டினார். சகலை அதைக் கையில் குறித்துக்கொண்டார். புதன்கிழமை விசிறி சுற்றியது.

அடுத்த ஞாயிறு ஆவி சார் மாவைக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிப் பிசைந்தார். வெந்து வந்தது செங்கல். மனைவி கத்தியை ரெண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எதுக்கும் உங்க சகலையோட இன்னொரு தடவை மனஸ்தாபப்பட்டுட்டு வாங்களேன்.”

ஆவி சார் ஒரு துண்டைத் தேநீரில் முக்கி, அது ஊறும்வரை பொறுமையாகக் காத்திருந்து சாப்பிட்டார்.