நுரை இறுகும்வரை

இருக்க மாட்டாளாம்... வண்டி வந்து சேருகிற காலத்தில் அவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாளாம், கட்டின புருஷனிடம் இதைச் சொல்லவில்லை, கார் கம்பெனியிலிருந்து போனில் கூப்பிட்ட யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், அந்தப் பெண் ஷோரூம் மேனேஜரிடம் சொல்ல, அவன் இப்போது நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி பல்லெல்லாம் தெரிய இவரிடம் சொல்லிவிட்டு நிற்கிறான், "மேடத்துக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கா சார்?" என்று வேறு கேட்கிறான், இவரோ கழுத்துக்குக் கீழே ஒன்றையும் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அசையக் கூடாது. முதுகுக்கும் தொடைக்கும் அடியில் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை, அதற்குள் இப்போதுதான் ஊற்றின நுரை, அது பொங்கிப் பொங்கி உடம்பின் மேடு பள்ளமெல்லாம் புகுந்து இறுகிக்கொண்டிருக்கிறது, இறுகி முடிந்தால் அதுதான் அச்சு, அதை வைத்துத்தான் அவருக்கென்று இருக்கை செய்வார்கள், வேறு யார் உட்கார்ந்தாலும் எங்கேயாவது குத்துகிற ஓர் இருக்கை. தொழிற்சாலையிலிருந்து இதற்காகவே விமானம் ஏறி வந்த அளவுக்காரர் அவர் தோளை அமுக்கி, "சூடாகும் சார், பயப்படாதீங்க, மூச்சு மட்டும் மெதுவா விடுங்க, நான் சொல்ற வரைக்கும் ஆடாதீங்க" என்று முடிக்கவும், மேனேஜர் வாயைத் திறக்கவும் சரியாக இருந்தது. சூடாகத்தான் செய்கிறது. முதுகு சுடுகிறது, நெஞ்சு மட்டும் ஜில்லிட்டுப் போயிருக்கிறது.

அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா, இந்தப் பயல் எதையாவது மாற்றிக் கேட்டிருப்பானோ... இல்லை, வார்த்தை வார்த்தையாகச் சொன்னானே. அந்தக் கம்பெனிக்கு அப்படி ஒரு வழக்கம். செய்கிற வண்டி கொஞ்சம், கேட்கிற ஆட்கள் கொள்ளை, காசு இருந்தால் மட்டும் ஆகாது, வாங்கின கையோடு லாபத்துக்குத் தள்ளிவிடுகிற ஆசாமிகளை அவர்களுக்குக் கண்ணிலேயே காட்டக் கூடாது, அதனால் ஒதுக்குவதற்கு முன்னால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், பெண் கொடுக்கிறவர்கள் அக்கம்பக்கம் விசாரிக்கிற மாதிரி. இவருக்கு இது தெரியும், தெரிந்துதான் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார், "ஒரு போன் வரும், நம்மளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு." அவள் கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லலாமாங்க?" என்று கேட்டாள். கேட்டாளே! "உண்மையத்தான் சொல்லணும், பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்க" என்றார் இவர், என்ன ஒரு புத்திசாலி. அந்தப் பெண் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். உங்கள் கணவர் வண்டியை விற்றுவிடுவாரா? அதற்கு, "அவரா? கைக்கு வந்த எதையும் விட்டதே இல்லை. நம்பிக் குடுங்க." பக்கத்து இருக்கையை உங்கள் அளவுக்குச் செய்யலாமா? அதற்கு, "வேண்டாம், வண்டி வர்றப்ப நான் அந்த வீட்ல இருக்க மாட்டேன்." முதல் பதிலைக் கேட்டு அங்கே எல்லோரும் சிரித்துவிட்டார்களாம், அந்த ஒரு பதிலுக்காகவே இவர் பெயரை மேலே ஏற்றினார்களாம். "மேடம் புண்ணியத்துலதான் சார் உங்களுக்குக் கிடைச்சுது" என்கிறான் மேனேஜர்.

ஒருவேளை உடம்புக்கு ஏதாவது... அவருக்குப் பொறி தட்டியது. ஆமாம், அதுதான், போன வருஷம் வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆனதே, அதில் ஏதோ மிச்சம் இருந்து, டாக்டர் ஏதோ நாள் சொல்லி, அவள் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு... ஐயோ பாவம் என்று நினைக்கும்போதே உள்ளே ஏதோ லேசாகிறதே, இதென்ன, மனைவிக்கு உயிர்போகிற வியாதி என்று நினைத்தால் மனுஷனுக்கு ஆறுதலா வரும்? வந்தது. வந்ததே என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, தூக்கிவாரிப் போட்டாலும் உடம்பு ஆடவில்லை. வியாதி என்றால் தன் மேல் பழியில்லை, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வியாதிக்காரி வாஷிங் மெஷின் சொல்லிக்கொடுப்பாளா? கொஞ்ச நாளாகவே ஏதேதோ சொல்லிக்கொடுக்கிறாள், எந்தத் துணியை எதோடு போடக் கூடாது, தண்ணீர் மோட்டார் நின்றால் எந்த ஸ்விட்ச், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, பிளம்பர் பெயரை அவருடைய போனிலேயே ஏற்றிக் கொடுத்தாள். "என்ன, எங்கயாவது ஓடிப்போகப் போறியா?" என்று கேட்டு அவரே கடகடவென்று சிரித்தார். அவளும் சிரித்தாள்... சிரித்தாளா? அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த சாவியை எடுத்துவிட்டாள். அவளுடைய புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போனதையும் பார்த்தார், "தூசி" என்றாள், தூசி என்று நம்பினார். தான் வேலைக்குப் போகிற கிளினிக்குக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்தேன், காத்தோட்டமா இருக்கு என்றும் ஒருநாள் சொன்னாள், யாருக்கோ பார்த்திருக்கிறாள் என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோனார். வீட்டையே கண் முன்னால் காலி செய்துகொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் ஸ்டீயரிங்கின் தோல் உறையைத் தைக்க எந்த நிற நூல் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து போய்விடலாம். இப்போதே, இந்தப் பையோடு பிய்த்துக்கொண்டு எழுந்து, காரை எடுத்து, வீட்டுக்கு... போய்? போய் என்ன கேட்பது? ஏன் என்றா? எழுந்தால் அச்சு போச்சு. அது இவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாட்டில் மூடி செய்கிற தொழில், ஊரில் பாதிப் பாட்டிலுக்கு இவர்தான் மூடி, மூடி முதலாளி என்றுதான் பெயரே, வேகாத அச்சைத் திறந்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், கோணும், கோணினதைக் குப்பையில்தான் போடவேண்டும். அளவுக்காரர் கொண்டுவந்தது ஒரே ஆளுக்கான நுரை, சாயங்காலம் விமானம், அளவு இல்லையென்றால் அவருக்கு ஒதுக்கினது அடுத்த ஆளுக்குப் போய்விடும், அடுத்த ஆள் யாரென்றும் தெரியும், அந்தச் சிமெண்டுக்காரன், அவன் வாசலிலேயே காத்திருப்பான். இதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்! யாரும் சீண்டாமல் ஷோரூமில் கிடந்த அந்த மங்கின கடுகு நிற வண்டியை, வாங்கினால் கம்பெனி கவனிக்கும் என்று வாங்கினார், அதில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். கம்பெனிக்காரர்கள் பந்தயத் தடத்தில் வைத்த கூட்டத்துக்கு வராதவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்றார்கள், போனார், அன்றைக்குத்தான் அவளுக்கு ஆபரேஷன். "சின்ன ஆபரேஷன்தானே, போயிட்டு வாங்க" என்று அவளேதான் சொன்னாள். அவளேதான் சொன்னாள் என்பதை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார், மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இதுவரை அவளிடம் கேட்டதில்லை. யார் இருந்தார்கள்?

கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டு போகிறாள். முதுகின் சூடு இடுப்புக்கு இறங்கிவிட்டது, பக்கங்களில் நுரை கெட்டியாகி விலா எலும்பை மெல்லப் பிடிக்கிறது. மேஜைமேல் எடுத்து வைத்த அவருடைய போன் அதிர்ந்தது, மேனேஜர் எட்டிப் பார்த்து, "மேடம்தான் சார், நூறாயுசு! எடுத்துக் காதுல வைக்கட்டுமா?" என்றான். அளவுக்காரர் விரலை உதட்டில் வைத்தார். "பேசினா நெஞ்சு ஏறி இறங்கும் சார். இன்னும் கொஞ்சம்தான்." போன் அதிர்ந்துகொண்டே மேஜையில் நகர்ந்தது. எடு, எடுத்துக் காதில் வை, போகட்டும் அச்சு, சிமெண்டுக்காரனே ஓட்டட்டும், சொல்லு... என்று அவர் உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போதே, வெளியே, உதடு மட்டும் அசைய, நெஞ்சு கொஞ்சமும் ஏறாமல், பழகின குரல் ஒன்று தானாகச் சொன்னது: "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க." மேனேஜர் அப்படியே சொன்னான். மறுமுனையில் என்ன கேட்டதோ, "சரிங்க மேடம், சரிங்க" என்று வைத்துவிட்டான். "ஒண்ணுமில்லயாம் சார், அவசரமில்லன்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அளவுக்காரர் வந்து விலாப் பக்கம் தட்டிப் பார்த்தார், டொக் டொக்கென்று மரம் போலக் கேட்டது, முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "முடிஞ்சுது சார், எழுந்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கேன், நடுவுல ஒரு தடவையாவது ஆடாதவங்களே இல்ல, கொட்டாவி விடுவாங்க, தும்முவாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் கல்லு மாதிரி இருந்தீங்க." மேனேஜர் கைதட்டினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். அவர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும், எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும், அவள் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வாள், சொல்லிவிட்டு அவளும் ஒன்று கேட்பாள், விஷயம் எப்போது தெரிந்தது உங்களுக்கு, தெரிந்ததும் என்ன செய்தீர்கள் என்று. உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஏன் எழவில்லை என்று கேட்டால்... எழக் கூடாது என்று எந்த இடத்தில் முடிவு செய்தோம் என்று அவர் முதலிலிருந்து தேடிப் பார்த்தார், அப்படி ஓர் இடமே தட்டுப்படவில்லை.