பெயர் பின்னால் சொல்லப்படும்

ஓட்டிஸின் மதுக்கடையில் ஜூலைக் கடைசி வாரம் என்றால் சண்டை வாரம். மாதம் முடிவதற்குள் பேஸ்பால் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கதவு அடைத்துவிடும். யாரைக் கொடுக்கலாம், யாரை வாங்கலாம் என்று முடிவு செய்ய அணிக்கு மேலாளர்கள் இருக்கிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். ஆனாலும் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய ஹார்லன் பாயிண்ட் ஊரில் ஒவ்வொரு மதுக்கடையிலும் நாலு பேர் உண்டு. ஓட்டிஸின் கடையில் அந்த நாலு பேர்: கடைக்காரன் ஓட்டிஸ், தபால் நிலையத்து டார்லீன், பள்ளிப் பேருந்து ஓட்டும் லியோன், அவன் தம்பி கேஸ்.

அவர்களின் அணியான ஹெரன்ஸ் கோப்பையை வென்று நாற்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் மட்டையடிக்க ஆள் இருந்தது, ஓட ஆள் இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கி ஆறு ஏழு இன்னிங்ஸ் தாங்கிப் பிடிக்க ஒரு நல்ல வீச்சாளன்தான் இல்லை. மேற்குக் கரை அணி ஒன்று வெண்டல் கிரெய்ட் என்ற இடதுகைக்காரனை விற்கத் தயாராக இருந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது ரூபன் சாலஸை. சாலஸுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் மூன்றாம் முனைகளுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றால் எறும்புகூட அவனைத் தாண்டிப் போகாது.

"குடுத்துத் தொலைங்கடா," என்றாள் டார்லீன். "கிரெய்ட் வந்தா அக்டோபர்ல கோப்பை நமக்குத்தான். எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. இன்னொரு நாப்பத்தோரு வருஷம் நான் எங்க போறது?"

"கிரெய்டுக்கு முப்பத்தஞ்சு வயசு," என்றான் கேஸ். "தோள்பட்டை ரெண்டு தடவ கிழிஞ்சு தச்சிருக்கு. பழைய சட்டைக்குப் புது வீட்டக் குடுக்கிறியா? சாலஸ் இன்னும் பதினஞ்சு வருஷம் ஆடுவான்."

"பதினஞ்சு வருஷம் அவன் ஆடுவான், பாக்க நீ இருக்கணுமே," என்றான் ஓட்டிஸ், துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டு.

"நான் இருப்பேன். உன் பியரக் குடிச்சே இவ்வளவு நாள் சாகல."

லியோன் சிரித்தான். அதுதான் தப்பாகப் போயிற்று. கேஸுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். முப்பது வருடமாகக் கூரை வேலை செய்கிறவன். வெயில் தலைக்குள் இறங்கிவிட்டது என்பான் லியோன்.

"நீயும் அவங்க பக்கமா?"

"கிரெய்ட் வேணும்டா. எதக் குடுத்தாலும் தகும்."

"எதக் குடுத்தாலுமா? உனக்கு எப்பவுமே அடுத்தவன் பொருளக் குடுக்கறதுன்னா கை தாராளம்," என்றான் கேஸ். தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவு அதிர வெளியே போனான்.

கதவுச் சத்தம் அடங்கியதும், கடைசி முக்காலியில் இருந்த ஆள் பேசினான். அவன் எப்போது வந்தான் என்று யாருக்கும் நினைவில்லை. ஒல்லியான உடம்பு, கலைந்துபோய் எத்தனையோ வருடமான ஓர் அணியின் மேற்சட்டை. குடித்தது வெறும் தண்ணீர். முன்னால் ஆட்டக்கணக்கு அட்டை. அந்த ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. டிவியில் ஆட்டம் ஓடும்போது ஒவ்வொரு அடியையும் பென்சிலால் கட்டத்தில் குறிப்பவர்கள் நிறையப் பேர்.

"சாலஸ் மட்டும் போதாது," என்றான் அவன். "அவங்க இன்னும் ஒருத்தர் கேப்பாங்க. பேரு பின்னால சொல்லப்படும்."

அதுவும் வழக்கம்தான். மாற்று பேசும்போது ஒருவனைக் கொடுத்துவிட்டு, இன்னொருவன் யார் என்பதை ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்று விட்டுவைப்பார்கள். மூன்று நான்கு பெயர்கள் எழுதித் தந்துவிட்டால், எதிர் அணி அதிலிருந்து ஒருவரைப் பிறகு பொறுக்கிக்கொள்ளும்.

"யாரு வேணும்? என்னையே எடுத்துக்கோங்க," என்றாள் டார்லீன். "முட்டி மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

"மூணு பேரு எழுதிக் குடுங்க. கிரெய்ட நான் வாங்கித் தரேன். ஒருத்தர அப்புறம் நான் சொல்றேன்." அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் ஓட்டிஸும் டார்லீனும் சிரித்தார்கள். ஓட்டிஸ் பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தன் பெயரை எழுதினான். டார்லீன் தன் பெயரை எழுதி, கீழே ஒரு முத்தக் குறியும் போட்டாள். அட்டை லியோனிடம் வந்தது.

லியோன் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன் மட்டும்தான். கணக்கு அட்டை அவன் கண்ணில் பட்டுவிட்டது. டிவியில் ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. அட்டையில் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் நிரம்பியிருந்தன. நடந்த ஐந்தும் ஒரு பிசகில்லாமல் இருந்தன. கடைசியில், ஹெரன்ஸ் 2, எதிரணி 6.

ஒரு நல்ல மனிதன் அங்கேயே எழுந்து போயிருப்பான். லியோன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பேனாவைப் பிடித்தான். தன் பெயரின் முதல் எழுத்துக்குக் கை வரவில்லை. மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா, பேரு மறந்துபோச்சா?" என்றாள் டார்லீன்.

"இந்த மாத்தே வேணாம்னு குதிச்சான்ல, அவனையே அனுப்பிடுவோம்," என்று சொல்லி லியோன் தம்பியின் பெயரை எழுதினான். கேஸிமிர் வ்ரோபெல். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஆள் அட்டையை மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அவன் தண்ணீர்க் கோப்பை இருந்த இடத்தில் ஈர வட்டம் இல்லை. ஆட்டம் இரண்டுக்கு ஆறு என்று முடிந்தது.

மறுநாள் காலை லியோன் பேருந்துக் கொட்டகையில் சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தபோது வானொலி சொன்னது: வெண்டல் கிரெய்ட் ஹெரன்ஸுக்கு வருகிறான். பதிலுக்கு ரூபன் சாலஸ், கூடவே ஒருவர், பெயர் பின்னால் சொல்லப்படும்.

கிரெய்ட் வந்தான். வென்றான். மறுபடி வென்றான். தைத்த தோள்பட்டை என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்தான். ஊரே அவன் எண் போட்ட சட்டையில் திரிந்தது. செப்டம்பரில் கேஸும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "சட்டை தள்ளுபடியில கெடச்சுது. கருத்து மாறல," என்றான்.

லியோனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வெற்றியும் நெஞ்சில் ஒரு கல். தினமும் காலையில் தம்பிக்குப் போன் செய்தான். கூரை வேலைக்கு ஏணி பிடிக்கிறேன் என்று பேருந்தை நிறுத்திவிட்டுப் போய் நின்றான்.

"உனக்கு என்னடா ஆச்சு?" என்றான் கேஸ் மேலிருந்து. "முப்பது வருஷமா ஏறுறேன். ஒரு நாளும் நீ வந்து பாத்ததில்ல."

"சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளு நீ இல்ல. கடன் வேணும்னா கேட்டுத் தொல."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. என்னவென்று சொல்வது? உன்னை ஒரு பியர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றா? கேஸ் சிரிப்பான். சிரித்துவிட்டு, உன் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பான். லியோன் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

அக்டோபரில் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் கோப்பை. சனிக்கிழமை, பகல் ஒரு மணி, ஏரிக் காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. ஓட்டிஸின் கடையில் நிற்க இடமில்லை. லியோனுக்கு ஒரு பக்கம் கேஸ் உட்கார்ந்திருந்தான். ஏழாவது இன்னிங்ஸில் லியோன் திரும்பிப் பார்த்தபோது, இடமே இல்லாத அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மறுபக்கத்து முக்காலியில் அந்த ஆள் இருந்தான். முன்னால் தண்ணீர். கணக்கு அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பி, கடைசி ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

"பேரு சொல்ல வந்தேன்," என்றான் அவன். "கேஸிமிர் வ்ரோபெல்."

"அவன் ஏன்?"

"சாலஸ விடாதீங்கன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான். அவரு கண்ணு நல்ல கண்ணு. எங்க பக்கம் ரொம்ப நாளா தோத்துக்கிட்டு இருக்கோம்."

மூன்று மாதமாக லியோன் படுக்கையில் புரண்டு புரண்டு தேடிவைத்திருந்த ஒரே ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்தான். "விதி இருக்குய்யா. பத்து வருஷம் ஆடி, கடைசி அஞ்சு வருஷம் ஒரே அணியில இருந்தவன அவன் சம்மதம் இல்லாம மாத்த முடியாது. அவன் முப்பது வருஷமா இதே முக்காலியில உக்காந்திருக்கான். கேட்டுப்பாரு இந்தக் கடையில."

அந்த ஆள் முதல் முறையாகச் சிரித்தான். நல்ல பந்தைப் பார்த்தவன் சிரிப்பு. "விதி விதிதான். ஆனா மறுக்க வேண்டியது அவரு. அவருக்கு விஷயம் தெரியுமா?"

லியோன் தம்பியின் பக்கம் பார்த்தான்.

"அவரு மறுத்தா அந்த இடம் காலி. மத்த ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துல அவங்கவங்க பேர எழுதினாங்க. மூணாவது இடம் யாரோடது?"

"என்னோடது."

"அப்ப அவரக் கேட்டுட்டு வாங்க."

எட்டாவது இன்னிங்ஸ் முழுவதும் லியோன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னான். அட்டை, கணக்கு, கை வராதது, எல்லாம். கத்தல் இரைச்சலில் சில வார்த்தைகளை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை வேறில்லை. ஹெரன்ஸ் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது.

கேஸ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் பேர எழுதலயா?" என்றான்.

"கை வரலடா."

"நான் அன்னிக்கு எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா, உன் பேரத்தான் எழுதியிருப்பேன்," என்றான் கேஸ். சிரித்தான். லியோனின் கண் நிறைந்துவிட்டது.

"சம்மதம் இல்லைன்னு சொல்லு. ஒரு வார்த்த. உனக்கு அந்த உரிமை இருக்கு."

"சொன்னா யாரு போறது?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். லியோன் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த ஒரு சில நல்ல காரியங்களில் அது ஒன்று. "நான். அதுதான் ஞாயம். எழுத வேண்டிய பேரு என்னோடது. கேஸ், கெஞ்சிக் கேக்கறேன், மாட்டேன்னு சொல்லுடா."

கேஸ் அண்ணனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளை எட்டிப் பார்த்தான். மேலிருந்து கீழ் வரை, ஒரு புது வீச்சாளனை எடை போடுவது போல.

"இரு," என்றான். "ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல்ல இது முடியட்டும்."

கிரெய்ட் இன்னும் களத்தில் நின்றான். இருவர் அவுட், மூன்றாமவனும் அவுட் ஆனால் கோப்பை. மூன்று முனையிலும் எதிரணி ஆட்கள். ஓர் அடி சரியாகப் பட்டால் எல்லாம் போச்சு. டார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். கிரெய்ட் கையைத் தூக்கினான், தூக்கியவன் அப்படியே நின்றான், யாருக்கோ காத்திருப்பவன் போல. திரை உறைந்துவிட்டதோ என்று ஓட்டிஸ் டிவியைத் தட்டினான்.

"யோவ்," என்று கேஸ் அந்த ஆளைக் கூப்பிட்டது லியோனுக்குக் கேட்டது. "அந்தப் பென்சிலக் குடு."

"வேணாம்டா!" லியோன் தம்பியின் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். அதே நொடி கிரெய்டின் கை இறங்கியது. பந்து வளைந்து விழுந்தது, மட்டை காற்றை வெட்டியது, கடை முழுக்க ஒரே உடம்பாக எழுந்தது. யாரோ லியோனைக் கட்டிப் பிடித்தார்கள், யாரோ தூக்கினார்கள், தலையில் பியர் கொட்டியது. நாற்பத்தோரு வருடத்துக் கூச்சல். அவன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு, கடித்துவிடுகிறவன் மாதிரி முண்டினான்.

டார்லீன் அவன் கழுத்தில் தொங்கினாள். "ஜெயிச்சிட்டோம்யா! ஜெயிச்சிட்டோம்! கேஸ் எங்க? அவன் மூஞ்சிய நான் பாக்கணும்!"

கேஸின் முக்காலியில் தொப்பி இருந்தது. கோப்பையில் பாதி பியர் இருந்தது, நுரைகூட அடங்கவில்லை. அந்த ஆளின் முக்காலியும் காலி. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கூட்டம் அதிகம் என்று ஓட்டிஸ் மத்தியானமே தாழ் போட்டிருந்தான்.

கோப்பைக்கு அடியில் அந்தப் பழைய அட்டை. ஓட்டிஸின் பெயர், முத்தக் குறியோடு டார்லீனின் பெயர், லியோனின் கையெழுத்தில் தம்பி பெயர். அதன் பக்கத்தில் பென்சிலில், கேஸின் கோணல் எழுத்தில், புதிதாக இரண்டு வரிகள்.

"சம்மதம். ஆனா சாலஸக் குடுத்திருக்கக் கூடாது."

லியோன் அதை இரண்டு முறை படித்தான். நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல முக்காலியின் பக்கம் திரும்பினான். முக்காலியின் தோல் இன்னும் சூடாக இருந்தது.